காய் இருக்கும் வரை

எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் நடக்க முடியாது. அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. யாரும் தடுப்பதும் இல்லை. கேட்பார்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையில்தான் இது எனக்குத் தெரிய வந்தது. அதுவரை கம்பம் ஊருக்குள் நான் நடந்ததெல்லாம் ஏதாவது ஓர் இடத்துக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு, மார்க்கெட்டுக்கு, கல்யாண மண்டபத்துக்கு. அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கும் போகாமல் நடக்கக் கிளம்பினேன். தெருமுனையைத் தாண்டவில்லை, பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

"எங்க டீச்சர் போறீக, இம்புட்டு வெள்ளன?"

"வாக்கிங்."

"சரி. வாக்கிங் எங்க வரைக்கும்?"

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். கேள்வி என்று ஒன்று வந்தால் விடை இருந்தாக வேண்டும். எனக்கு விடை தெரியவில்லை. "சும்மா" என்றேன். அவர் என்னைக் கவலையோடு பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மெயின் ரோட்டில் நிலைமை இன்னும் மோசம். கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் வரிசையாக வரும். "குமுளியா டீச்சர்? முன்னால இடம் இருக்கு, ஏறுங்க." வேண்டாம் என்றால் போய்விடுவார்கள். ஆனால் ஒரு ஜீப்பை மறுத்தால், அந்த ஜீப்பில் எனக்குப் பிடிக்காத யாரோ இருந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அடுத்த ஜீப்புக்காரர் இன்னும் மரியாதையாக நிறுத்துவார். அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதில் பாதி நேரம் நின்று பதில் சொல்வதிலேயே போனது.

அந்த வாரக் கடைசியில் தேவாரத்திலிருந்து தம்பி போன் செய்தான். "என்னக்கா, மச்சானோட எதுவும் மனஸ்தாபமா? கையில பைகூட இல்லாம, விறுவிறுன்னு வடக்க பாத்துப் போனதாச் சொன்னாக." யார் சொன்னது என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னார்கள் என்றான்.

என் வீட்டுக்காரர் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். இலையைக் காட்டினால் நோயைச் சொல்வார். மற்றபடி அதிகம் பேச மாட்டார். "மொட்டை மாடியில நட" என்றார். நடந்தேன். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, டிஷ், மறுபடியும் தண்ணீர்த் தொட்டி. தலை சுற்றியது. பக்கத்து மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன டீச்சர், எதைத் தேடுறீக?"

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரையில்தான் கால் போனது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே எல்லாம். அம்மாவும் எங்கும் நடந்தவள் இல்லை. போவதற்கு இடம் இருந்தால்தானே நடப்பாள். எனக்கு டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "நடந்தீங்கன்னா மாத்திரையோட நிக்கும். நடக்கலேன்னா அப்புறம் எங்கிட்ட கேக்காதீங்க." ராத்திரி படுத்தால் போர்வைக்குள் கால் விரல்களை அசைத்துப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருந்தது. ஒரு காலத்தில் திராட்சை கமிஷன் மண்டி. காற்றில் கூரை போன பிறகு, காம்ப்ளக்ஸ் கட்டப் போவதாகச் சொல்லி மிச்சத்தையும் இடித்தார்கள். மண்டிக்காரருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் லாட்ஜ் கட்ட வேண்டும் என்றார், இன்னொருவர் ஜவுளிக்கடை என்றார். இருவரும் மதுரையில் இருந்துகொண்டே சண்டை போட்டதால், இங்கே பார்த்தீனியமும் பீர் பாட்டிலும் வளர்ந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இப்படி ஓர் இடம் சும்மா கிடக்கிறதே என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் சொந்த இடத்தைப் போல வருத்தப்படுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நாலு பக்கமும் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர். உள்ளே இருப்பவரை ரோட்டிலிருந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாதவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் முடியாது.

பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். அக்காவுக்கும் சர்க்கரை, என்னைவிட மூத்த சர்க்கரை. "டீச்சர், இது அடுத்தவுக இடம்ல?" என்று கேட்டபடியே உடைந்த கேட்டுக்குள் எனக்கு முன்னால் நுழைந்தார். சுவரை ஒட்டியே சுற்றி வந்தோம். கொஞ்ச நாளில் எங்கள் கால் பட்ட இடத்தில் மட்டும் செடி முளைக்காமல் ஒரு தடம் விழுந்தது. தடத்தைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். ஆட்களைப் பார்த்து வார்டு மெம்பர் வந்தார். அவர் மெஷினை அனுப்பி முள்ளையும் பாட்டிலையும் அள்ளினார். இரண்டு சிமெண்ட் பெஞ்சு வந்து இறங்கின. யாரோ ஒரு டியூப் லைட் மாட்டினார்கள். இப்படி எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான், இடத்துக்காரரிடம் கேட்கவில்லையே என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

கேட்கத் தேவைப்படவில்லை. அவரே வந்துவிட்டார். கோம்பையில் இருப்பவர். கார் வந்து கேட்டில் நின்றது. முன்சீட்டில் அவர் ஊர்ப் பெயரையே கொண்ட கோம்பை நாய் ஒன்று எங்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மண்டிக்காரர் பின்சீட்டில் இருந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"நடங்க. வேண்டாம்னு சொல்லல. பெஞ்சு போட்டுக்கங்க, லைட்டுப் போட்டுக்கங்க. மரம் மட்டும் வைக்காதீக. மரம் வச்சா பொறகு வெட்ட மனசு வராது. நான் நாளைக்கே கட்டடம் கட்டுறவன்."

அவர் நாளைக்கே கட்டடம் கட்டப்போவது எங்களுக்கு நெடுநாளாகத் தெரியும். இருந்தாலும் அவர் பேச்சை மீற யாருக்கும் மனம் இல்லை. பூங்கா வந்துவிட்டது, நிழல்தான் இல்லை. எட்டு மணி வெயிலுக்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார முடியவில்லை. ஒரு சாயங்காலம் எல்லாரும் கூடிப் பேசினார்கள். தகரக் கொட்டகை என்றார் ஒருவர். இன்னும் சூடு என்றார் இன்னொருவர். ரொம்ப நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"கொடிங்கிறது மரம் இல்லையே."

எல்லாருக்கும் நிம்மதியாகப் போய்விட்டது. என்ன கொடி என்று யாரும் கேட்கவில்லை. உலகத்தில் மல்லிகை, காகிதப்பூ, சங்குப்பூ என்று எத்தனையோ கொடிகள் இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது எனக்கே ஞாபகம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் கொடி என்றால் திராட்சைதான்.

யாரோ தோட்டத்தை அழித்துவிட்டுப் போட்டிருந்த கல்தூண்கள் வந்தன. கம்பி வந்தது. வாழ்நாள் முழுக்கத் தோட்டங்களில் பந்தல் போட்டுப் பழகிய ஆட்கள் வந்து, பேச்சே இல்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். நூல் பிடித்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் உற்சாகமாக உள்ளே நுழைந்து கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

திராட்சைப் பந்தலுக்கு ஓர் உயரம் உண்டு. நின்றபடி கையைத் தூக்கினால் குலையை வெட்ட வேண்டும். அந்த உயரத்தில்தான் போட்டிருந்தார்கள். பூங்காவுக்குப் பந்தல் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. வேறு உயரத்தில் ஒரு பந்தலை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆக, கம்பத்தில் வாக்கிங் போகும் ஆண்கள் எல்லாம் அன்று முதல் குனிந்து நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் சேர்ந்து ஒரு மோதிரத்தைத் தேடுவது போல இருக்கும். எனக்கும் அக்காவுக்கும் சரியாக இருந்தது. எங்கள் உயரத்துக்கு ஊரில் போடப்பட்ட ஒரே பொது இடம் அதுதான். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பன்னீர்த் திராட்சைக் கொடி ஏறிப் பந்தலில் படர்ந்ததும் இன்னொரு நன்மை தெரிந்தது. உள்ளே வருகிறவர்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லாரும் அண்ணாந்து கொடியைப் பார்த்தார்கள். "இந்தக் கிளைய விட்டுருக்கக் கூடாது." "சாம்பல் நோய் வரும் பாருங்க." "யாரு கவாத்து செஞ்சது, கத்தியா அருவாளா?" தலைக்கு மேலே திராட்சை இருக்கும்போது எங்கள் ஊர்க்காரர்கள் அடுத்தவர் எங்கே போகிறார் என்று கேட்பதில்லை. நான் பாட்டுக்கு நடந்தேன். மருந்தடிக்கிற நாளில் மட்டும் என் வீட்டுக்காரர் கேட்டில் கயிறு கட்டிவிடுவார். அன்றைக்கு ஊர் முழுக்க நடக்காமல் இருக்கும்.

சர்க்கரை இறங்கியது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எங்க நடக்கிறீங்க?" என்று கேட்டார். அவரும் கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை.

முதல் காய்ப்பில் பந்தல் முழுக்கப் பச்சையாகக் குலை தொங்கிக்கொண்டிருந்தபோது மண்டிக்காரரின் கார் வந்தது. கூடவே ஓர் இன்ஜினியர், கையில் டேப். நாய் முதலில் இறங்கிப் பந்தலுக்கடியில் நிமிர்ந்த தலையோடு ஒரு சுற்று வந்தது. அங்கே அப்படி நடக்க முடிந்த ஒரே ஆண் அதுதான். டேப் எந்தப் பக்கம் நீளும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மண்டிக்காரர் காருக்குள்ளிருந்தே பந்தலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கா இருக்கே" என்றார் இன்ஜினியரிடம். "காப்புல இருக்குற கொடியில கை வைக்கக் கூடாது. பழத்த வெட்டட்டும், பாப்போம்."

இன்ஜினியர் தேனியிலிருந்து வந்தவர். "சார், நாலு கொடிதானே" என்றார். மண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பழம் வெட்டியதும் பூங்காவுக்கு வருகிற வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். கோம்பைக்கு ஒரு பெட்டி போனது. நன்றாக இருந்தது, மருந்துதான் ஒரு தடவை அதிகம் என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால்தான் கொடி மறுபடி காய்க்கும். அடுத்து அவர் கவாத்து செய்தது பாதிப் பந்தலை மட்டும்தான். கிழக்குப் பக்கம் மொட்டையாக நின்றது. மேற்கில் கை வைக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பாதி?"

"ஆள் கிடைக்கல."

ஆள் கிடைத்தபோது கிழக்கில் பிஞ்சு பிடித்திருந்தது. பிறகு மேற்கை வெட்டினார். மேற்கில் காய் பிடித்த நேரத்தில் கிழக்கில் பழம் வெட்டி முடிந்திருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை வருவதே இப்படிப் பிரித்துப் பிரித்து வெட்டுவதால்தான். இது எனக்குப் புரியவே கொஞ்ச நாளானது, கணக்கு டீச்சர் என்று பெயர். எப்போது வந்து பார்த்தாலும் பந்தலில் ஏதாவது ஒரு பக்கம் காய் இருக்கும். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. புரிந்த அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

மண்டிக்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். கார் நிற்கும், கண்ணாடி இறங்கும். "கா இருக்கே. வெட்டட்டும், பாப்போம்." கார் போய்விடும். ஆயுள் முழுக்கத் திராட்சை வியாபாரம் பார்த்தவருக்கு, பாதிக் கவாத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு ஒரு வருஷம் மகன்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். கீழே ஜவுளிக்கடை, மேலே லாட்ஜ். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஏன் இவ்வளவு நாள் என்று ஊரே கேட்டது. எனக்கு மட்டும் அவர்கள் இன்னும் கொஞ்ச நாள் சண்டை போட்டிருக்கலாம் என்று இருந்தது.

அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. விடாத மழை. கிழக்கில் பூ எல்லாம் கொட்டிப்போய், இலையடியில் சாம்பல் பூத்தது. மேற்கில் அப்போதுதான் கவாத்து முடிந்திருந்தது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் கிழக்கையும் வெட்டிவிட்டார். பந்தல் முழுவதும் வெறும் குச்சியும் கம்பியுமாக நின்றது. மண்டிக்காரரும் மகன்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று வார்டு மெம்பர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பூங்காவுக்குப் போனால் பந்தலில் திராட்சை தொங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா பெஞ்சில் ஏறி நின்று கடைசிக் குலையைக் கட்டிக்கொண்டிருந்தார். பூ கட்டுகிற வாழை நார், பூ கட்டுகிற அதே முடிச்சு. மழையில் பன்னீர்த் திராட்சை எங்கேயும் நன்றாக இல்லையாம். அதனால் மார்க்கெட்டில் இருந்ததிலேயே நல்ல பழமாக, வடக்கேயிருந்து வரும் விதையில்லாப் பச்சைத் திராட்சையை அவர் வீட்டுக்காரர் வாங்கி வந்திருந்தார்.

"அக்கா, இது கறுப்புத் திராட்சைக் கொடி."

"தெரியும் டீச்சர்."

"ஒரு இலைகூட இல்ல."

"அவுக கார்ல இருந்துதான பாப்பாக" என்றார் அக்கா.

அன்றைக்கென்று மண்டிக்காரர் காரிலிருந்து இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, கொஞ்ச நேரம் நின்று, அடுத்த காலை எடுத்து வைத்தார். இவ்வளவு வருஷத்தில் அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. கறுப்பு நிறத்தில், குதிகாலில் பட்டை வைத்து, அடியில் மெத்தென்று தைத்த செருப்பு போட்டிருந்தார். அந்தச் செருப்பு எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கினோம். பிறகு ஒற்றைச் செருப்பு மட்டும் வீட்டில் ரொம்ப நாள் கிடந்தது.

அவர் குனிந்து பந்தலுக்குள் வந்தார். மகன்கள் பின்னால் வந்தார்கள். மூத்தவர் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

மண்டிக்காரர் ஒரு குலையைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சையும் தொட்டுப் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"காச்சதுண்ணே" என்றார் அக்கா.

"எல இல்லாமயா?"

"ஆமாண்ணே."

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "எங்கம்மாவுக்குச் சக்கரையில கால் போச்சுங்க" என்றேன். "நான் நடக்கணும். ரோட்டுல நடந்தா எங்க போறீக, எங்க போறீகன்னு கேக்குறாக. இங்கனதான் யாரும் கேக்கல. இந்த எடமும் போச்சுன்னா எனக்குப் பயமா இருக்கு." குரல் உடைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகள் யாரும் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். பிறகு மகன்களிடம் திரும்பினார்.

"கா இருக்குப்பா. வெட்டட்டும், பாப்போம்."

"அப்பா, அது கட்டிவிட்டது" என்றார் மூத்தவர்.

"அம்பது வருசமா திராட்சை பாத்தவன் நான். நீ ஜவுளியப் பாரு."

மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சமாதானமான பிறகு இருவரும் சேர்ந்து தோற்றது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது அவர் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு மென்றார். "இனிப்பு பத்தல" என்று அக்காவிடம் சொன்னார். "அடுத்த காப்புல பாத்துக்கிறேண்ணே" என்றார் அக்கா.

அடுத்த நாள் காலை நான் இரண்டாவது சுற்றில் இருந்தபோது கார் வந்து நின்றது. நாய் இறங்கியது. அதன் பின்னால் அவர் இறங்கினார். பெஞ்சில் உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. தலையைக் குனிந்து கம்பிக்கடியில் நுழைந்து, நாங்கள் நடந்து நடந்து போட்ட தடத்தில் அந்தச் செருப்பை ஊன்றி நடக்க ஆரம்பித்தார்.

நான் ஒரு சுற்று முடித்து அவரைத் தாண்டும்போது அவர் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.